பிரித்துத் தைத்த பெல்ட்

முதல் நாள், முதல் பத்து நிமிடத்திலேயே அவள் ஊசியை ஒடித்தாள்.

சாதாரணமாக ஒடியவில்லை. டப்பென்று வெடித்து, முனை மட்டும் பறந்து போய் எதிர் மேஜைக்காரியின் டீ டம்ளருக்குள் விழுந்தது. ஹால் முழுக்கச் சிரிப்பு.

"யாருக்கா அது, வந்ததும் வராததுமா சுடுறது?"

"புது ஆளு. வீட்ல பிளவுஸ் தைச்சுட்டிருந்தவங்களாம்."

அவ்வளவுதான். அன்றோடு அவள் பெயர் பிளவுஸ் அக்கா ஆகிவிட்டது.

வயது நாற்பத்து நான்கு. இருபது வருடம் வீட்டில் உட்கார்ந்து பிளவுஸ் தைத்த கை. இப்போது அந்தக் கை இருந்தது துணி மேல் இல்லை. உயரத்தில் ஏறி வேலை செய்பவர்கள் தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் சேஃப்டி பெல்ட்டின் பட்டை மேல். மூன்று விரல் அகலம், செருப்பு வார் கனம். அதை மூன்று மடிப்பாக மடித்து ஊசிக்கு அடியில் கொடுக்க வேண்டும். ஊசியே தீக்குச்சி பருமன் இருந்தது. மெஷினைப் பார்த்தால் தையல் மெஷின் என்று தோன்றவில்லை. யாரோ லாரி எஞ்சினைக் கழற்றி மேஜை மேல் வைத்த மாதிரி இருந்தது. பெடலில் கால் பட்டால் போதும், தரையே அதிர்ந்தது.

"அக்கா, ஏன் பட்டையைப் பின்னாலிருந்து இழுக்கறீங்க?"

கேட்டவள் டீச்சர். இருபத்தேழு வயது. ஒல்லி. காதில் பொட்டுத் தோடு. புது ஆட்களுக்குக் கனரக மெஷின் பழக்குவதும், தைத்து முடித்த பெல்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் அவள் வேலை. அதனால்தான் எல்லோருக்கும் டீச்சர்.

"இழுத்தாத்தானே நேரா வரும்? நான் அப்படித்தான் பழகினது."

"அது பிளவுஸ். இது இழுத்தா ஊசி வளையும். வளைஞ்சா உள்ள இருக்கிற இரும்புல இடிச்சு ஒடியும். இங்க பாருங்க, இதுக்கு ரெண்டு பாதம் இருக்கு. மாத்தி மாத்தி எடுத்து வைக்கும். தானா நடக்கும். நீங்க கூடவே போனாப் போதும். புருஷன்கூட நடக்கிற மாதிரி."

"எங்க வீட்டுக்காரரு நடந்தாத்தானே? உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கறதில்ல."

எதிர் மேஜைக்காரி டீயைக் கீழே கொட்டிவிட்டுச் சிரித்தாள். ஊசி முனை டம்ளரின் அடியில் மினுங்கிக்கொண்டிருந்தது.

அவர் உட்கார்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சைக்கிள் கடையை மூடிய நாளிலிருந்து. அன்று முதல் இரண்டு பேரும் அவருடைய அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தார்கள். ஒரே அறை. அதில் பாதியை அண்ணனின் பழைய கட்டிலும் பீரோவும் பிடித்துக்கொண்டிருந்தன. குளியலறை கீழே. காலையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் போதும், ஓரகத்தியின் குரல் மேலே ஏறி வரும்.

"மேல இருக்கிற மகாராணி குளிச்சு முடிச்சாச்சா? இல்ல நாங்க நாளைக்குக் குளிச்சுக்கணுமா?"

தொழிற்சாலைக்குப் பின்னால் வரிசையாகக் குவார்ட்டர்ஸ் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, உள்ளேயே குளியலறை. மூன்று மாதம் தேறி வேலை நிரந்தரமானவர்களுக்கு மட்டும் சாவி. அவள் இங்கே வந்ததே அந்தச் சாவிக்காகத்தான்.

தேறுவதற்கு விதி ஒன்றுதான். ஹாலின் நடுவே ஒரு சிவப்புப் பெட்டி. தையல் பிசகிய பட்டையைக் கத்தரியால் இரண்டாக வெட்டி அதில் போட வேண்டும். வாரத்துக்கு நான்கு வரை மன்னிப்பு உண்டு. ஐந்தாவது விழுந்தால் வீட்டுக்குப் போகலாம்.

முதல் வாரம் மூன்று போட்டாள். தப்பினாள்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமைக்குள் நான்கு.

புதன்கிழமை காலை ஐந்தாவதும் பிசகியது.

முதுகுப் பட்டையும் தோள் பட்டையும் சேருகிற இடம். அங்கே ஒரு கட்டம் தைத்து, கட்டத்துக்குள் குறுக்கே ஒரு பெருக்கல் குறி தைக்க வேண்டும். ஆள் விழுந்தால் அவன் பாரத்தைத் தாங்குவது அந்தப் பெருக்கல் குறிதான். கட்டம் அழகாக வந்தது. குறுக்குக் கோட்டில் மூன்று தையல் தாவிவிட்டது. நூல் மேலே அரிசி நீளத்துக்குத் தொங்கியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் ஹாலின் அந்தக் கோடியில் இருந்தாள். சிவப்புப் பெட்டி பத்தடி தள்ளி, வாயைத் திறந்துகொண்டு.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது.

எல்லோரும் டப்பாவோடு வெளியே போனார்கள். அவள் போகவில்லை. ரவிக்கைக்குள் காகிதத்தில் மடித்து எப்போதும் ஒரு பாதி பிளேடு வைத்திருப்பாள். இருபது வருடப் பழக்கம். பிளவுஸ் என்றால் பிரிக்காமல் இருக்க முடியுமா? கை தூக்க முடியவில்லை என்பாள் ஒருத்தி, முதுகு இறக்கம் போதவில்லை என்பாள் இன்னொருத்தி. பிரித்துத் தைத்த சுவடே தெரியாமல் தைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

பிளேடை எடுத்தாள். ஒவ்வொரு தையலாக அறுத்தாள். நூல் துணுக்குகளை வாயால் ஊதினாள். பிறகு மெஷினின் சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, ஊசியைப் பழைய ஓட்டைகளிலேயே ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒரு ஓட்டைகூடத் தப்பவில்லை. இருபது நிமிடம். வியர்வை மூக்கு நுனியில் சொட்டாக நின்றது.

மாலையில் டீச்சர் அந்த பெல்ட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள்.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றாள் டீச்சர். பெல்ட்டை உயர்த்திப் பிடித்தாள். "ரெண்டே வாரம். பிளவுஸ் அக்கா தைச்சது. இந்தப் பெருக்கல் குறியைப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி இருக்கு. இதான் வேலை."

எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். எண் அச்சடித்த துண்டு வேறொரு மேஜையில்தான் ஒட்டப்படும். அதனால் அந்த பெல்ட்டுக்கு என்ன எண் கிடைத்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

சனிக்கிழமை நாற்பது பெல்ட் மூட்டையாகக் கட்டப்பட்டு லாரியில் ஏறிப் போனது. அதில் ஒன்று அது.

*

அடுத்த வியாழக்கிழமை டீச்சர் புது ஆட்களை இழுவை மெஷினுக்குக் கூட்டிப் போனாள்.

கம்பிக் கூண்டுக்குள் இருந்தது அது. இரண்டு இரும்புக் கொக்கி. நடுவில் பட்டையை மாட்டினால், அறும்வரை இழுக்கும். எத்தனை கிலோவில் அறுந்தது என்று முள் காட்டும்.

"ரெண்டு பட்டை கொண்டு வந்திருக்கேன்," என்றாள் டீச்சர். "ஒண்ணு, ஒழுங்கா ஒரே தடவையில தைச்சது. இன்னொண்ணு நேத்து நானே பிரிச்சு மறுபடி தைச்சது. பார்த்தா வித்தியாசம் தெரியுதா?"

தெரியவில்லை. இரண்டாவதுதான் அழகாகக்கூட இருந்தது.

முதல் பட்டையை மாட்டினாள். மெஷின் முனகியது. முள் ஏறியது. ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரத்தைத் தாண்டியும் பட்டை அசையவில்லை. டீச்சர் நிறுத்தினாள்.

இரண்டாவதை மாட்டினாள். முந்நூறு. ஐந்நூறு. அறுநூறு.

படார்.

யாரோ வீல் என்று கத்தினார்கள். பட்டை இரண்டாகக் கிடந்தது. அறுந்தது நூல் இல்லை, பட்டை. ஊசி ஓட்டைகளை ஒட்டியே, தபால் தலையை வரிசையிலிருந்து கிழித்த மாதிரி நேர்கோடாகக் கிழிந்திருந்தது.

"ஊசி ஒரு தடவை போனா இழையை ஒதுக்கிட்டுப் போகும். அதே ஓட்டையில ரெண்டாம் தடவை போனா இழையை அறுத்துட்டுப் போகும். பிளேடு பட்டிருந்தா அதுவும் கொஞ்சம் அறுத்திருக்கும். அதனாலதான் பிசகினா பெட்டி. பிரிக்கறதுங்கிற பேச்சே இங்க கிடையாது."

பிளவுஸ் அக்கா கூண்டை ஒட்டி வந்து நின்றாள்.

"அறுநூறு கிலோ தாங்குதே டீச்சர். ஒரு ஆள் எழுபது கிலோதானே?"

"நிக்கிறப்போ எழுபது. விழறப்போ கணக்கே வேற. ஒரு ஆள் உயரம் விழுந்து டக்குனு நின்னா, அந்த இழுப்பு பத்துப் பதினஞ்சு ஆள் கனம் இருக்கும். அறுநூறு காணாது."

மற்றவர்கள் போனபிறகும் அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, மயக்கமா?"

"டீச்சர், நீ அன்னைக்குத் தூக்கிக் காட்டினியே ஒரு பெல்ட்டு..."

சொல்லி முடிப்பதற்குள் டீச்சருக்குப் புரிந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா?"

"அஞ்சாவது பட்டை பெட்டியில விழுந்தா வீட்டுக்குப் போகணும்னு..."

"வீட்டுக்குத்தானே போயிருப்பீங்க?"

பிளவுஸ் அக்கா கிழிந்து கிடந்த பட்டையைப் பார்த்தாள்.

"அந்தச் சீட்டுல என் கையெழுத்து இருக்கு," என்றாள் டீச்சர். கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்தாள். பிறகு எழுந்தாள். "வாங்க. மேனேஜர்கிட்ட போகலாம்."

*

மேனேஜர் அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. மேனேஜர் அதைவிட மெதுவாகப் பேசினார். எப்போதும் சிரித்த முகம். கத்தியே பேசாதவர் என்று ஹாலில் பெயர்.

எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்த எண்?"

"தெரியலைங்க சார். நாப்பதுல ஒண்ணு."

"அப்ப நாப்பதையும் திருப்பி வாங்கணும்."

"ஆமாங்க சார்."

"ஏன்னு கேப்பாங்க. தையல் சரியில்லைனு சொல்லணும். நாளைக்கு இந்த ஊர்ல எவன் நம்ம பெல்ட்டை மாட்டிக்கிட்டு ஏறுவான்?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பெல்ட்டு போடறவன் எல்லாம் விழறானா? பத்து வருஷம் மாட்டிக்கிட்டு ஒரு தடவைகூட விழாதவன் இருக்கான். விழறவன் ஒருத்தன், பெல்ட்டு நாப்பது. ரெண்டும் ஒண்ணா சேரணுமே? நீங்க வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்கறீங்க."

டீச்சர் வாயைத் திறந்தாள். மேனேஜர் அவள் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"நீ போம்மா. ஹால்ல வேலை நிக்குது."

டீச்சர் போனாள். மேனேஜர் இழுப்பறையைத் திறந்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"நீங்க நல்லா தைக்கறீங்கனு ரிப்போர்ட் வந்திருக்கு. மூணு மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். குவார்ட்டர்ஸ் ஆறாம் நம்பர் காலியா இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இந்த ரூம்ல பேசினது இந்த ரூமோட."

தாளை அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்தது கைதான் என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

*

ஆறாம் நம்பர் என்று கேட்டதும் கணவர் எழுந்து நின்றார். ஒன்றரை வருடத்தில் அவ்வளவு வேகமாக அவர் எழுந்து அவள் பார்த்ததில்லை.

"கடைசியில இருந்து ரெண்டாவது வீடு! போன வாரம் உன்னைக் கூப்பிட வந்தப்போ ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். ரெண்டு ஜன்னல். சமையல்கட்டுல மேடை இருக்கு. நீ இனிமே குனிஞ்சு சமைக்க வேண்டாம்." கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டியை இழுத்தார். பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்ற ஆரம்பித்தார். "இந்தப் பெரிய சட்டியை முதல்ல வைக்கவா, கடைசியில வைக்கவா?"

கீழிருந்து குரல் வந்தது. "என்ன மேல உருட்டறீங்க? தலைக்கு மேல ரயில் ஓடுது!"

"இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கங்க அண்ணி!" என்று கணவர் சந்தோஷமாகக் கத்தினார். "அப்புறம் உங்களுக்கு ஒரு சத்தமும் கேக்காது!"

கீழே சட்டென்று அமைதி. அவர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தன் பெயரை இவ்வளவு பெரிதாக அவர் எழுதி அவள் பார்த்ததில்லை.

அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தாள். தட்டில் கை வைத்தால் படார் என்ற சத்தம். தண்ணீர் குடித்தால் படார். ஒரு முகம் இருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறுகிற ஆளுக்கு முகம் இல்லை. முதுகு மட்டும் இருந்தது. முதுகில் பெருக்கல் குறி.

காலையில் தொழிற்சாலை வாசலில் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கடந்து போகிற மாதிரி வந்து, கையில் எதையோ திணித்தாள். நாற்பது பெல்ட்டும் போன முகவரிச் சீட்டின் நகல். மின்சார டவர் லைன் வேலை நடக்கிற இடம். பஸ் ரூட்டைப் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தாள்.

"நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்கக்கா. எங்கம்மாவுக்கு என் சம்பளம் மட்டும்தான்."

"சொல்லமாட்டேன்."

"கண்ணால பார்த்தாத் தெரியாது. கட்டை விரலை ஓட்டுங்க. பிளேடு பட்ட இடத்துல பிசிறு இருக்கும்."

உள்ளே போகும் சங்கு ஊதியது. டீச்சர் உள்ளே போனாள். பிளவுஸ் அக்கா ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறினாள்.

*

வெட்ட வெளி. நடுவில் வரிசையாக இரும்பு டவர்கள். ஒவ்வொன்றும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். உச்சியில் எறும்பு மாதிரி ஆட்கள்.

தொழிற்சாலை அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டாள். குரலை நேராக்கிக்கொண்டாள்.

"பெல்ட் செக்கிங். கம்பெனியிலேருந்து வர்றேன்."

சைட் சூப்பர்வைசர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தடித்த மனிதர். மஞ்சள் ஹெல்மெட். "பரவாயில்லையே! வித்தவன் வீடு தேடி வந்து செக் பண்றது இப்பத்தான் பார்க்கிறேன். மத்தியானம் எல்லாரும் இறங்குவானுங்க. கழட்டி அந்தக் கம்பியில மாட்டுவானுங்க. பார்த்துக்கங்க."

இறங்கினார்கள். மாட்டினார்கள். அவள் முதல் பெல்ட்டின் முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் கட்டை விரலை ஓட்டினாள். வழுவழுப்பு. இரண்டாவது. வழுவழுப்பு. பத்து. இருபது. வெயிலில் கம்பி சுட்டது. கட்டை விரல் மரத்துப் போனால் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு மறுபடி ஓட்டினாள். முப்பத்தைந்து. முப்பத்தொன்பது.

கம்பி முடிந்துவிட்டது.

"நாப்பது இருக்கணுமே?"

"ஏணியோடது இருக்காது," என்றான் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன். "அவன் பெல்ட்டைக் கழட்டவே மாட்டான். பொண்டாட்டிகூடப் படுக்கும்போதும் மாட்டிக்கிட்டுத்தான் படுப்பான்."

"அதான் அவனுக்கு இன்னும் பிள்ளை பொறக்கல," என்றான் இன்னொருவன். சிரித்தார்கள்.

ஏணி தனியாக, டவரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெயருக்கேற்ற உயரம். முப்பது வயது இருக்கும். அவள் கிட்டே போனதும் முதுகை இரும்புத் தூணோடு ஒட்டிக்கொண்டான்.

"திரும்புங்க தம்பி. பெல்ட்டைப் பார்க்கணும்."

"நல்லாத்தான் இருக்கு."

"ஒரு நிமிஷம்."

"நல்லா இருக்குன்னு சொல்றேன்ல?"

அவள் குனிந்து அவன் தோளுக்குப் பின்னால் கையை விட்டாள். விரலில் பட்டது தையல் இல்லை. டேப். கரண்ட் வேலைக்குச் சுற்றும் கறுப்பு டேப். நாலு சுற்று. அதன் ஓரத்தைத் தூக்கி விரலை நுழைத்தாள்.

பெருக்கல் குறியில் ஒரு கோடே இல்லை. பட்டை வாய் பிளந்திருந்தது. விரல் உள்ளே போனது.

"விழுந்தீங்களா?"

"மெதுவா பேசுங்க!" அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "விழல. வழுக்கினேன். முந்தாநாள், பனி ஈரத்துல. ரெண்டு அடிதான். அந்தாண்டப் பக்கம், யாரும் பார்க்கல."

"சொல்லலியா?"

"சொன்னா? ஒரு தடவை வழுக்கினவனை மறுபடி ஏத்த மாட்டாங்க. பயம் பிடிச்சவன் மத்தவனையும் கெடுப்பான்னு பேரு வச்சு அனுப்பிடுவாங்க." பட்டையைத் தடவினான். முகம் இளகியது. "ஆனா இது என்னை விடல பாருங்க. கொஞ்சம் பிரிஞ்சுது, ஆனா விடல. தைச்ச கைக்குத் தங்க வளையல் போடணும்."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தைச்ச கை இதுதான்."

சொன்னாள். பிளேடு, சாப்பாட்டு வேளை, கைதட்டல், கூண்டு, எல்லாம். அவன் கை சோற்றில் அப்படியே நின்றது.

"இது அடுத்த தடவை தாங்காது தம்பி. கழட்டிக் குடுத்துடுங்க. நீங்க வழுக்கினதை நான் சொல்ல மாட்டேன். எங்க தையல் கோளாறுன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிடறேன். வேற பெல்ட்டு கேட்டு வாங்கிக்கங்க."

அவன் சோற்றை மூடி வைத்தான். பிறகு கழற்றினான்.

அவள் அதைச் சுருட்டிப் பைக்குள் வைக்கப் போனாள். மஞ்சள் ஹெல்மெட்டின் நிழல் மேலே விழுந்தது.

"என்ன, ஒண்ணு கெட்டதா? காட்டுங்க."

"தையல் கோளாறுங்க. எங்க தப்பு."

சூப்பர்வைசர் வாங்கினார். டேப்பை உரித்தார். பிளந்த வாயைப் பார்த்தார். இருபது வருடம் டவரோடு பழகியவர். அவருக்கு இழுவை மெஷின் தேவைப்படவில்லை.

"கோளாறா இருந்தா நூல் தொங்கும். இது பாரம் வாங்கியிருக்கு. டேப்பு எதுக்கு?" ஏணியை நிமிர்ந்து பார்த்தார். "எப்படா?"

ஏணி தரையைப் பார்த்தான். அவள் பேசினாள். "இல்லைங்க, நான்தான் இதைப் பிரிச்சு மறுபடி தைச்சேன், அதனாலதான்..."

"பிரிச்சா தைச்சீங்க?" அவர் போனை எடுத்தார். தொழிற்சாலைக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். மேனேஜரின் மெதுவான குரல் வெட்ட வெளியில் கேட்டது.

"நாங்க யாரையும் அனுப்பலைங்க. அந்தம்மா பயிற்சிக்கு வந்தவங்க, தேறல. நேத்தோட நிறுத்தியாச்சு. அந்த அட்டையை வாங்கி வச்சுக்கங்க. முகவரி யார் குடுத்தாங்கன்னு மட்டும் கேளுங்க."

"யாரும் குடுக்கல," என்றாள் அவள் போனைப் பார்த்து. "மூட்டை கட்டறப்போ மேல எழுதியிருந்துச்சு. படிச்சேன்."

போன் அணைந்தது. சூப்பர்வைசர் பெல்ட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளுடைய அட்டையை வாங்கிக்கொண்டார். கெட்டவர் இல்லை. குரலில் கோபம்கூட இல்லை.

"ஏணி, சாமானை எடுத்துக்க. கீழே உனக்கு வேலை இல்ல, மேலே உன்னை ஏத்த முடியாது."

*

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். நடுவில் மூன்றாவது ஆள் நிற்கிற இடைவெளி.

"நீங்க வராம இருந்திருக்கலாம்," என்றான் அவன்.

"ஆமா."

"வேலை இருந்திருக்கும். எனக்கும், உங்களுக்கும்."

"ஆமா."

"அந்த டேப்பு எத்தனை நாளு தாங்கியிருக்கும்?"

தூரத்தில் டவர் உச்சியில் ஆட்கள் மறுபடி ஏறிவிட்டார்கள். முப்பத்தொன்பது பேர்.

பஸ் வந்தது. ஏறப் போனவன் நின்றான்.

"நீங்களும் எங்க வீட்டுக்கு வாங்க. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா என் பொண்டாட்டி நம்ப மாட்டா. சண்டை போட்டு வேலையை விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லுவா."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எந்த உரிமையும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஏறினாள்.

இரண்டாவது மாடி. படியில் விளக்கு இல்லை. கதவைத் திறந்தவள் சின்ன உருவம். கையில் ஈரத் துணி. கணவனின் தோளில் தொங்கிய சாமான் பையைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்ற அந்நியப் பெண்ணைப் பார்த்தாள்.

"இந்நேரத்துல எதுக்கு வந்த? யாரு இவங்க?"

"சொல்லுங்க," என்றான் ஏணி. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிளவுஸ் அக்கா சொன்னாள். வாசலில் நின்றபடியே, ஒன்றும் விடாமல். தன் தப்பை முதலில் சொன்னாள். அவனுக்கு வேலை போனதற்குக் காரணம் தான்தான் என்று இரண்டு தடவை சொன்னாள். திட்டு வரும் என்று காத்திருந்தாள். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள்.

அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"விழுந்தியா?" என்றாள் கணவனிடம்.

"ரெண்டு அடிதான்..."

"முந்தாநாளா? முந்தாநாள் வந்து சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டியே!"

அவள் ஈரத் துணியைக் கீழே போட்டாள். அவனுடைய சட்டைப் பொத்தானை ஒன்றொன்றாகக் கழற்றினாள். தோளிலிருந்து சட்டையை இறக்கினாள். முதுகைத் திருப்பினாள். இரண்டு தோளிலிருந்தும் இடுப்பு வரை, பட்டை இழுத்த இடத்தில், மூன்று விரல் அகலத்துக்குக் கறுத்துக் கன்றிப் போயிருந்தது.

பிளவுஸ் அக்கா படியைத் தேடிக் காலை வைத்தாள். இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மேலே கதவு இன்னும் திறந்தே இருந்தது. அந்தப் பெண் அழுகிற சத்தமோ திட்டுகிற சத்தமோ கேட்கவில்லை. "இங்க வலிக்குதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே போவது மட்டும் கேட்டது.

தன் வீட்டில் கணவர் அட்டைப் பெட்டியைக் கட்டி முடித்திருப்பார். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் அவள் தெருவில் நடக்க ஆரம்பித்தாள்.